எட்டு நிமிடம் முந்திய சங்கு

“அன்புள்ள அக்காவுக்கு எழுதுவது. நான் நல்ல சுகம். உங்கள் எல்லோரின் சுகத்துக்கும் முருகனை வேண்டுகிறேன். இந்தக் கடிதம் கொண்டுவரும் பிள்ளையிடம் பாப்பாவுக்கு ஒரு கைக்கடிகாரம் கொடுத்துவிட்டிருக்கிறேன். அதில் முள் இல்லை, நம்பர் மட்டும்தான். இப்போது இந்த ஊர் நேரம் காட்டும். நம்ம ஊருக்கு இரண்டரை மணி கூட்டி வைக்கவும். மழையில் நனைந்தாலும் ஒன்றும் ஆகாதாம்.”

வளைகுடா நாட்டில் வீட்டு வேலைக்குப் போன என் சின்னம்மா எழுதியது இது. ‘ஏப்ரல் 28, ஞாயிறு’ என்று மேலே இருக்கிறது, வருடம் இல்லை. அந்தத் தேதி ஞாயிறாகவும், அடுத்து வந்த நோன்பு மாதம் மே பின்பாதியில் தொடங்கியதாகவும் இருக்கவேண்டும். நோன்பை நான் எதற்காக இழுக்கிறேன் என்பது பிறகு தெரியும். இரண்டும் பொருந்தும் வருடத்தைப் போனில் இருக்கும் நாள்காட்டியில் தேடினேன். 1985. எனக்கு அப்போது பதினொரு வயது.

நம்முடைய பழைய வகுப்புக் குழுவில் போன மாதம் உங்களில் ஒருவர் போட்ட குரல் பதிவைக் கேட்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். “அந்தக் காலத்துல ஒரு சங்கு ஊதுனா மலையே எந்திரிச்சு நிக்கும். இப்ப ஆளுக்கொரு போனு, ஆளுக்கொரு நேரம். மனுசன் கெட்டுப்போனதே இந்த சாமான்களாலதான்” என்றார். அதற்கு இருபத்தோரு பேர் கைகூப்பி இருந்தீர்கள். எண்ணிப் பார்த்தேன். என் இடது கையில் நடையை எண்ணும் கடிகாரம் இருக்கிறது. என் அம்மாவின் காதுக்குள் இருக்கும் கருவி என் போனோடு பேசுகிறது. பேரப்பிள்ளை வயதில் இருப்பவர்களுக்கு முன்பாகவே நான் புதிய சாமானை வாங்கிவிடுவேன் என்று நீங்கள் கேலி செய்வது எனக்குத் தெரியும். செய்யுங்கள். ஆனால் அந்தச் சங்குக்கு நான் கைகூப்ப மாட்டேன். அதை ஊதியவரின் மகள் நான்.

மஸ்கெலியாவுக்கு மேலே இருந்த நம் தோட்டத்தில் என் அப்பாவுக்கு பெக்டரியில் வேலை. உலர்த்தும் அறை, இயந்திரப் பட்டிக்கு எண்ணெய் போடுவது என்று பல வேலைகள் அவருக்கு உண்டு. அவர் வாய் திறந்து பெருமைப்பட்டது ஒன்றுக்குத்தான்: காலை ஆறு மணிச் சங்கு. பெக்டரி ஆபிசில் மரப்பெட்டிக்குள் ஒரு பெரிய சுவர்க் கடிகாரம் இருந்தது. அதற்குச் சாவி கொடுப்பது பெரிய கிளாக்கர். சனிக்கிழமை தோறும் நாற்காலியில் ஏறி அவரே சாவி கொடுப்பார், சாவியை அவரே எடுத்துக்கொண்டு போவார். பெரிய முள் பன்னிரண்டைத் தொட்டதும் அப்பா விசையை இழுப்பார். அடிவயிற்றிலிருந்து கிளம்புவதுபோல ஒரு சத்தம், மேல் பிரிவு லயத்து வரிசை வீடுகள் வரை போய்த் திரும்பி வரும். மழைநாளில் அது நனைந்த கம்பளிபோல கனமாக இறங்கும்.

தோட்டத்தில் கடிகாரம் வைத்திருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அவர்கள் எல்லோருக்கும் ஒரே வழக்கம். சங்கு ஊதியதும் கடிகாரத்தை ஆறுக்குத் திருப்பி வைப்பார்கள். வேலைக்குப் பேர் பதியும் கணக்கப்பிள்ளையும் அப்படித்தான். கடிகாரம் பிழைவிடும், சங்கு பிழைவிடாது. இதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. என் கடிகாரம் வந்த அன்று அப்பாவும் இரண்டரை மணி கூட்டவில்லை.

“அதெல்லாம் வேணாம். காலைல நான் ஊதுவேன்ல, அப்ப ஆறுன்னு வையி. தெனமும் வையி” என்றார்.

கறுப்பு ரப்பர் பட்டி. சாம்பல் நிற முகம். பக்கத்தில் இருந்த பொத்தானை அழுத்தினால் ஓரத்தில் மஞ்சள் வெளிச்சம் ஒரு புள்ளியாக வரும். புதிய ரப்பர் வாசமும் சின்னம்மாவின் பெட்டியிலிருந்த சவர்க்கார வாசமும் அதில் கலந்திருந்தன. நான் அதை மூக்கருகே வைத்துக்கொண்டே தூங்கினேன். மறுநாள், சங்குக்கு வைத்த பிறகு, சாயந்தரம் அம்மா அதை என் கையிலிருந்து கழற்றி அடுப்பு வெளிச்சத்தில் பார்த்தார்.

“ஏழு… பத்து. சரியா?” என்றார்.

சரிதான். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. முள் கடிகாரம் பார்க்கவும் தெரியாது. ஆனால் கொழுந்து நிறுக்கும் இடத்தில் தன் எடையை எழுதும்போது எட்டிப் பார்த்துப் பார்த்து எண்களைக் கற்றுக்கொண்டவர். அன்று இரவுச் சமையல் முடிவதற்குள் எங்களிடம் பத்துத் தடவையாவது மணி சொல்லியிருப்பார். “எழுத்துத் தெரியாதவனுக்கு நேரம் எதுக்கு” என்று சிரித்த அண்டை வீட்டுக்காரருக்கு, “நேரம் தெரியாததுனாலதான் ஆளாளுக்கு எங்கள வெரட்டுறீங்க” என்று பதில் சொன்னார். நம்பர் கடிகாரம் சோம்பேறிகளுக்கு என்று நம் பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் சொல்வார், நினைவிருக்கிறதா? அவர் என் அம்மாவைப் பார்த்ததில்லை.

அம்மாவுக்கு அந்த மாதம் நேரம்தான் உயிர்ப் பிரச்சினை. என் தம்பிக்கு அப்போது ஏழு மாதம். கைப்பிள்ளை உள்ளவர்கள் பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு, அங்கிருந்து பத்து நிமிட ஏற்றம் ஏறி, ஆறரைக்குப் பெரட்டுக் களத்தில் நிற்கவேண்டும். பெரட்டில் பேர் போட்டால்தான் அன்றைய வேலை. காம்பராவைத் திறக்கும் ஆயா டவுனிலிருந்து முதல் பஸ்சில் வருபவர். ஓட்டமும் நடையுமாக வந்து அவர் பூட்டைத் திறந்தால், தாய்மார் ஏழு பேரும் வாசலில் பிள்ளையைக் கிடத்திவிட்டு ஓடுவார்கள். மூச்சு வாங்க மேலே போனால் கணக்கப்பிள்ளை சில நாள் பேர் போடுவார், சில நாள் புத்தகத்தை மூடியிருப்பார்.

“பேரு போட்டாச்சு. போ, லயத்துக்குப் போ.”

பழி எல்லாம் ஆயா தலையில் விழுந்தது. அம்மாவும் அவரும் வாசலிலேயே மோதிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன்.

“டவுனுக்காரி, கண்ணாடி பாத்து, பொட்டு வச்சி, பூ வச்சி வர்றதுக்குள்ள எங்க பொழப்பு போயிருதுடி.”

“பஸ்காரன் எனக்கு மாமனா மச்சானா? நான் சொன்னா பறந்து வருவானா? தெனமும் ஒரே பஸ்சுலதான் வர்றேன். ஓங்க தோட்டத்துலதான் நேரம் ஓடிப்போகுது.”

அவர் கோபத்தில் சொன்ன அந்தக் கடைசி வாக்கியம்தான் அந்த மாதம் முழுவதும் தோட்டத்தில் யாரும் சொன்ன ஒரே உண்மை. அப்போது எல்லோரும் சிரித்தோம்.

அம்மா இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்டார். மூன்றாவது முறை பிந்தினால் பதிவுப் புத்தகத்திலிருந்தே பேரை வெட்டிவிடுவதாகக் கணக்கப்பிள்ளை எல்லோர் முன்னாலும் சொன்னார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அம்மாவுக்கு அந்தப் புத்தகத்தில் பேர் இருந்தது. வீட்டுக்கு வந்து கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். “பேரு போச்சுன்னா நான் யாரு? சங்கு ஊதுறவரு பொண்டாட்டி, அவ்வளவுதான்” என்றார். அப்பா காதில் விழாததுபோல பீடியைப் பற்றவைத்தார்.

இனி கடை நானா; முஸ்லிம் அண்ணன்மாரை நாம் ‘நானா’ என்றுதானே கூப்பிடுவோம். பஸ் நிற்கும் முடக்கில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். நோன்பு மாதத்தில் அவர் கடையில் சாயந்தரம் ரேடியோ கட்டாயம் ஓடும். நோன்பு திறக்கும் நேரம் ஒரு நிமிடம்கூடப் பிசகக்கூடாது என்பதற்காக, ஆறு மணிக்கு முன்னால் வரும் ‘பிப், பிப்’ சத்தத்துக்குத் தன் மேசைக் கடிகாரத்தைச் சரிபார்ப்பார். நான் மண்ணெண்ணெய் போத்தலோடு அந்த நேரம் பார்த்துத்தான் போவேன். பார்த்துப் போனதற்கு உண்மையான காரணம் கஞ்சி. தேங்காய்ப்பாலும் இஞ்சியும் ரம்பை இலையும் கொதிக்கும் அந்த வாசத்துக்கு மழைக்குள் ஒரு மைல் நடக்கலாம். நோன்பு திறந்ததும் எங்களுக்கும் தகரக் கோப்பையில் கிடைக்கும்.

முதல் நாளே நானா என் கையைப் பிடித்துப் பார்த்தார்.

“பாப்பா, ஒன்ட உருலோசு எட்டு நிமிசம் முன்னுக்கு ஓடுது.”

“சங்குக்கு வச்சது நானா.”

“சங்கு சரிதான், இது புதுசு, அதான் துள்ளுது. குடு, நான் வச்சித் தாறன்.” அவர் ரேடியோவுக்கு வைத்துக் கொடுத்தார்.

மறுநாள் காலை சங்கு ஊதியபோது கடிகாரம் 5:52 என்றது. அப்பா சொன்னபடி ஆறுக்குத் திருப்பினேன். சாயந்தரம் நானா பார்த்தார். எட்டு நிமிடம் முன்னால். திருப்பினார். காலையில் எட்டு நிமிடம் பின்னால். இது பதினொரு நாள் நடந்தது. கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் ஒவ்வொரு நாளும் எழுதினேன்: காலை எட்டுக் குறைவு, மாலை எட்டுக் கூடுதல். அந்தக் கொப்பி இன்றும் என்னிடம் இருக்கிறது. தேதி எழுதும் என் பைத்தியம் அங்கேதான் தொடங்கியது.

பெரியவர்கள் இருவரும் கடிகாரத்துக்குக் கிறுக்கு என்றார்கள். ஓடுகிற கடிகாரம் என்றால் இரவிலும் முன்னால் ஓடவேண்டும். பிந்துகிற கடிகாரம் என்றால் பகலிலும் பிந்தவேண்டும். பகலில் எட்டு கூடி, இரவில் எட்டு குறைகிற கிறுக்கு எப்படி இருக்கமுடியும்? பன்னிரண்டாம் நாள் அதை யாரும் தொடாதபடி பார்த்துக்கொண்டேன். ரேடியோவுக்கு வைத்தது அப்படியே இரண்டு நாள் இருந்தது. இரண்டு சாயந்தரமும் ரேடியோவோடு ஒத்துப்போனது. இரண்டு காலையும் சங்கு 5:52க்கு ஊதியது.

பிள்ளைகளே கண்டுபிடிக்கக்கூடிய இதை ஒரு தோட்டமே ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று கேட்பீர்கள். ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு நேரம் வேண்டும். எல்லாக் கடிகாரத்தையும் தினமும் சங்குக்கே திருத்தினால் தோட்டத்தில் இருப்பது ஒரே நேரம். வீட்டு ரேடியோக்காரர்கள் சிலருக்குத் தெரிந்திருக்கும். அவர்களும் ரேடியோ கொழும்பு நேரம், நமக்குத் தோட்டத்து நேரம் என்று விட்டிருப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை சாயந்தரம் அப்பாவிடம் கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

“அப்பா, சங்கு எட்டு நிமிசம் முந்தி ஊதுது.”

அவர் கொப்பியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

“எத்தன வருசமா ஊதுறேன் தெரியுமா? இந்த மலையே அத நம்பித்தான் எந்திரிக்குது. வெளிநாட்டுக் கழிசடை ஒன்னு வந்து எனக்கு மணி சொல்லுதா?”

“அவ சொல்றதக் கொஞ்சம் கேளுங்களேன்” என்றார் அம்மா. “எட்டு நிமிசம் இருந்தா நாங்க ஏழு பேரும் நேரத்துக்கு நிப்போம்.”

“ஏழு பொம்பளைக்காக நான் கடிகாரத்த மாத்தவா? அது கிளாக்கர் வீட்டு வேல. நான் முள்ளப் பாத்து ஊதுறவன்.”

என் கையைப் பிடித்துக் கடிகாரத்தைக் கழற்றினார். ரப்பர் பட்டி மணிக்கட்டு மயிரைப் பிடுங்கியது. தகரப் பெட்டியில் சின்னம்மாவின் கடிதம் இருந்த இடத்தில் போட்டுப் பூட்டினார். சாவி எப்போதும்போல அவர் இடுப்புக் கயிற்றுக்குப் போனது.

புதன்கிழமை அம்மா பிள்ளையைப் பக்கத்து லயத்தில் பிள்ளை பெற்று இருந்தவளிடம் விட்டு நேரத்துக்குப் போனார். அவளும் தினமும் பார்க்கமுடியாது என்று சொல்லிவிட்டாள். வியாழக்கிழமை காலை நான் விழித்தபோது அப்பா வேலைக்குப் போய்விட்டிருந்தார். அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். அவருடைய கையில் கடிகாரம் இருந்தது.

“ஏதும்மா சாவி?”

“ஆணில தொங்குச்சு. வா நீயும்.”

ஆயா வந்து பூட்டைத் திறந்தபோது 6:20. அம்மா ஓடவில்லை. மற்ற ஆறு பேரையும் ஓடவேண்டாம் என்றார். “நமக்குப் பத்து நிமிசம் இருக்கு. நடங்க.” அந்த ஏற்றத்தில் அம்மா நடந்து ஏறியதை நான் முதன்முதலாக அன்றுதான் பார்த்தேன். மழைத் தூறல். தலையில் மடித்துப் போட்ட சாக்கு. முதுகில் வெறும் கூடை. சாக்குக்குள்ளிருந்து கையை அடிக்கடி நீட்டி எண்ணைப் படித்துக்கொண்டே போனார்.

களத்தில் நின்றபோது சரியாக 6:30. கணக்கப்பிள்ளை புத்தகத்தை மூடியிருந்தார்.

“வந்தீங்களா மகாராணிங்க? ஒனக்கு இது மூனாவது. கேட்டுக்க, பேர வெட்டப் போறேன்.”

“இப்ப மணி ஆறரைங்க” என்றார் அம்மா.

கணக்கப்பிள்ளை தன் கடிகாரத்தைக் காட்டினார். ஆறு முப்பத்தெட்டு. “ஒனக்கு மணி பாக்கத் தெரியுமா? தோட்டம் ஒன் பொம்மக் கடியாரத்துக்கா நடக்குது? சங்கு ஊதுறதே ஒன் புருசன். அவனப் போயிக் கேளு.”

சிரித்தார்கள். மலைக்குப் போகத் தயாராக நின்ற நூறு பேரும் சிரித்தார்கள் என்றுதான் எழுதவேண்டும், ஏனென்றால் சிரித்தார்கள். அம்மா கூடையை இறக்கி ஈர மண்ணில் வைத்து அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். மற்ற ஆறு பேரும் உட்கார்ந்தார்கள்.

“கடை நானாட்ட ரேடியோ இருக்கு. எடுத்தாரச் சொல்லுங்க. அது ஆறு முப்பத்தெட்டுன்னு சொன்னா நானே என் பேர வெட்டித் தர்றேன்.”

அப்போதுதான் தோட்டத்தை நடத்தும் துரையின் மோட்டார் சைக்கிள் வந்தது. அவர் தினமும் அந்த நேரம் பெரட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் போவார். கணக்கப்பிள்ளை தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓடிப்போய்ச் சிங்களத்தில் வேகமாக ஏதோ சொன்னார். துரை இறங்கவில்லை. கையை ஆட்டி அம்மாவைக் கூப்பிட்டார்.

அம்மா எழுந்து போய் கையை நீட்டினார். துரை அந்தச் சாம்பல் முகத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு மழைக் கோட்டின் கையை மேலே தள்ளித் தன் கடிகாரத்தைப் பார்த்தார். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அம்மாவின் கையில் 6:34. துரையின் கையில் இருந்தது முள் கடிகாரம். எனக்கு முள் பார்க்கத் தெரியும். ஆறு முப்பத்துநான்கு.

தோழர்களே, நீங்கள் குறைசொல்லும் எல்லாச் சாமான்களின் நியாயத்தையும் நான் அந்த இடத்தில் பார்த்தேன். துரைக்கும் கொழுந்து பறிப்பவளுக்கும் அதுவரை அந்த மலையில் ஒரே நேரம் இருந்ததில்லை.

துரை நிமிர்ந்தார். “பேர் போடு” என்றார் கணக்கப்பிள்ளையிடம். வண்டியைத் திருப்பிக்கொண்டு பெக்டரி பக்கம் போனார். மறுநாள் காலை சங்கு ஊதியபோது அம்மாவின் கையில் 6:00. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. எத்தனை மாதம், எத்தனை வருடம் அந்த எட்டு நிமிடம் போனது என்று யாரும் சொல்லவும் இல்லை. ஆயாவிடம் அம்மா மட்டும் போய், “ஒன்னயத் தப்பாப் பேசிட்டேன்டி” என்றார். “பூ வச்சதச் சொன்னியே, அதுக்கும் சேத்துச் சொல்லு” என்றார் ஆயா.

அப்பாவுக்குத்தான் சிரமம். “பொண்டாட்டி கடியாரத்துக்குச் சங்கு ஊதுறவன்” என்று கள்ளுக்கடையில் பேர் வைத்தார்கள். அவர் சண்டைக்குப் போகவில்லை. அந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டு, “பாப்பா, இப்ப மணி என்ன?” என்று கேட்டார். என்னிடம் அவர் மணி கேட்டது அதுதான் முதல் தடவை.

கடிகாரம் அதன்பின் அம்மாவின் கையிலேயே இருந்தது. பட்டரி தீர்ந்தபோது ஹட்டனில் கேட்டோம், கண்டி வரைக்கும் சொல்லிவிட்டோம், கிடைக்கவில்லை. எண் இல்லாத வெற்று முகத்தோடு அதை ஒரு வருடத்துக்கு மேல் கட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போனார். கணக்கப்பிள்ளை ஒரு நாளும் கிட்ட வந்து பார்க்கவில்லை. பிறகு பட்டி அறுந்து கவ்வாத்து மலையில் எங்கோ விழுந்தது. ரப்பர் மக்காது. இப்போதும் ஏதாவது தேயிலைத் தூருக்கடியில் கிடக்கும்.

அப்பா இறந்து பல வருடம் ஆகிறது. ஒரு தடவை, அவர் படுக்கையில் இருந்தபோது, பெக்டரிக் கடிகாரம் முந்தி ஓடியது அவருக்குத் தெரியுமா என்று கேட்டேன். “மணி வைக்கிறது ஒருத்தன், மணி பாக்குறது ஒருத்தன்” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இனி நான் சொல்லவேண்டியது போன மாதம் நடந்தது. சின்னம்மாவின் கடிதத்தாள் மடிப்பில் கிழியத் தொடங்கியதால் இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுத்தேன். பின்பக்கம் வெறுமை என்றுதான் நாற்பது வருடமாக நினைத்திருந்தேன். போனில் கறுப்பைக் கூட்டி வெளிச்சத்தைக் குறைத்தபோது, கீழ் மூலையில் மங்கிய பென்சில் தடம் தெரிந்தது. மூன்று எண்கள், நடுவில் ஒரு புள்ளி.

5.52

நான் எழுதியதில்லை. என் எண்கள் எல்லாம் கொப்பியில் இருக்கின்றன, அவற்றில் இரண்டு புள்ளி போட்டிருக்கிறேன். அம்மா எண்களைப் படிப்பார், பென்சில் பிடித்ததில்லை. அந்தக் கடிதம் கடிகாரத்தோடு பெட்டிக்குள் பூட்டியிருந்தது. செவ்வாய் இரவிலிருந்து வியாழன் காலை வரை சாவி ஒருவரிடம்தான். இடையில் சங்கு ஊதியது புதன் காலை ஒரு தடவைதான்.

அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். இந்த வயதில் அதையும் கற்றுக்கொண்டார்.

“அஞ்சு அம்பத்திரெண்டு” என்று வாசித்தார். போனை மடியில் வைத்தார். “சாவி அவரு இடுப்பவிட்டு எறங்கவே எறங்காது. குளிக்கும்போதும் இருக்கும். அன்னைக்கு மட்டும் எப்படி ஆணிக்கு வந்துச்சுன்னு நானும் ஒருநாளும் கேக்கல.”

புதன் காலை பாதித் தூக்கத்தில் பெட்டியின் கீல் கிறீச்சிட்டதைக் கேட்டதாக இப்போது எனக்கும் தோன்றுகிறது. அது நினைவா, ஆசையா என்று பிரிக்க முடியாததால் அதை நான் ஆதாரமாகச் சேர்க்கவில்லை. அப்பா கையெழுத்தில் என்னிடம் இருப்பது ஒரு ரேஷன் அட்டையில் போட்ட பேர் மட்டும்தான். எண் ஒன்றுகூட இல்லை. உங்களில் யாரிடமாவது, உங்கள் தகப்பனார் யாராவது அவரோடு பெக்டரியில் வேலை செய்திருந்தால், அவர் எண் எழுதிய ஒரு துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் படம் எடுத்துக் குழுவில் போடுங்கள், சங்குக்குக் கைகூப்பிய அந்தப் போனாலேயே.

அதுவரை என் குறிப்பு இப்படித்தான் நிற்கிறது: ஆறு மணிச் சங்கு 5:52க்கு ஊதப்பட்டது, பதின்மூன்று காலைகள் சரிபார்த்தேன். பெரிய கிளாக்கர் வேண்டுமென்றே வைத்தாரா, கடிகாரம் தானாக முந்தியதா என்பது தெரியவில்லை. கடிதத்தின் பின்னால் உள்ள 5.52 என் அப்பா எழுதியது என்பது இன்னும் சரிபார்க்கப்படவில்லை.